ஏழு பெல்லெகிரீனோ உயரம்

துஷாந்திக்கு அந்தப் பேச்சு முதற்சொல்லிலிருந்து கடைசிச்சொல் வரை நினைவில் இருக்கிறது. மே மாதத்தில் ஒரு செவ்வாய், மதியம் ஒன்றரை மணி. இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ புகையிரத நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், மலைநடைப் பயணங்களை ஒழுங்குசெய்யும் சின்ன அலுவலகத்தில் அவள் தனியே இருந்தாள். முதலாளி சால்வோ சாப்பிடப் போயிருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு ஐம்பது கடந்த ஒரு பெண் உள்ளே வந்தார். தோளில் துணிப்பை, அதன் வாயிலிருந்து மஞ்சள் ரப்பர் கையுறையின் விரல்கள் எட்டிப் பார்த்தன. ஒரு வீட்டு வேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போகிற இடைவெளி என்று பார்த்தவுடனே தெரிந்தது.

அவர் இத்தாலிய மொழியில் வணக்கம் சொன்னார். பிறகு அவள் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "பிள்ளை தமிழோ?" என்று கேட்டார்.

"ஓம், அன்ரி."

"நல்லதாப் போச்சு. கண்ணாடியிலை ஒட்டியிருக்கிற லிஸ்றிலை ஆகக்கூட உயரம் எது?"

துஷாந்தி எத்னா எரிமலைக்கு ஒருநாள் பயணம் இருப்பதாகச் சொன்னாள். எத்னாவை மகன் காரில் கொண்டுபோய்க் காட்டிவிட்டான், அதைவிட உயரமாக வேண்டும் என்றார் வந்தவர். வடக்கே அல்ப்ஸ் மலையில் ஐந்து நாள் என்றாள். அதுதானா முடிவு என்று கேட்டார். வேறு வழியில்லாமல் துஷாந்தி கடைசி வரியை வாசித்தாள்.

"நேபாளத்திலை அன்னபூர்ணா அடிவார முகாம். இமயமலை. ஒக்ரோபரிலை போகினம். நாலாயிரத்து நூற்றிமுப்பது மீற்றர்."

"எங்கடை பெல்லெகிரீனோ மலை எவ்வளவு?"

"அறுநூறு இருக்கும்."

அவர் கண்ணை மூடிக் கணக்குப் பார்த்தார். "அப்ப ஏழு பெல்லெகிரீனோ. ஏழு ஞாயிற்றுக்கிழமை ஏறின மாதிரி."

துஷாந்திக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு படிவத்தை எடுத்து வைத்து, கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டாள். "எந்தச் சின்யோராவோடை போறியள், அன்ரி?"

கேட்டு முடிந்த பிறகுதான் அது உறைத்தது. அந்த நகரத்தில், அந்த வயதுத் தமிழ்ப் பெண் ஒருத்தி பயண அலுவலகத்துக்கு வந்தால் ஒன்று கொழும்புக்கு ரிக்கற், அல்லது வேலைசெய்யும் வீட்டின் எசமானியான முதிய சின்யோரா ஒருவருக்குத் துணையாக எங்காவது போக ஒரு ரிக்கற். மூன்றாவது காரணத்தை அவள் அதுவரை கண்டதில்லை.

வந்தவர் கோபிக்கவில்லை. "சின்யோரா ஒருத்தரும் இல்லை. நான் போறன்," என்றார். "என்ரை பேரை எழுது. ஞானம்பிகை சோதிலிங்கம். துணைக்கு ஆர் எண்டு கேட்டிருந்தால் அதிலை ஒரு கோடு போட்டுவிடு."

துஷாந்தி கோடு போட்டாள்.

இருபத்திரண்டு வருடங்களாக ஞானம்பிகை பலெர்மோவில் வீடுகள் துடைக்கிறார். திங்கள், புதன், வெள்ளி ஒரு பேராசிரியர் வீடு. செவ்வாயில் இரண்டு வீடுகள். வியாழக்கிழமை நான்காம் மாடியில் ஒரு பெண் சட்டத்தரணியின் வீடு. அங்கே லிஃப்ட் இருந்தும் அவர் படியால்தான் ஏறுவார். லிஃப்டில் நின்றால் தலை சுற்றும், படியில் ஏறினால் மூச்சு நன்றாக வரும் என்பது அவருடைய உடம்பின் விதி. வீட்டுச் சின்யோராக்கள் எல்லோருக்கும் அவர் "ஜான்னா". ஞானம்பிகை என்ற முழுப்பெயர் அவர்கள் வாயில் ஏறவில்லை. அவரும் ஏற்றப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பெல்லெகிரீனோ மலை. மேலே குகைக்கோயிலில் சாந்தா ரொசாலியா இருக்கிறா. பலெர்மோத் தமிழரில் சைவர், வேதக்காரர் என்ற வித்தியாசம் இல்லாமல் அந்த மாதாவிடம் போகாதவர்கள் குறைவு. வேண்டுதல் வைத்து ஏறுகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: ஏறி முடியும்வரை வழியில் எங்கும் அமர்ந்து இருக்கவும் கூடாது, தண்ணீர் குடிக்கவும் கூடாது. ஞானம்பிகை முதல் வேண்டுதலை மூத்த மகன் றஞ்சித்தின் பெர்மெஸ்ஸோவுக்காக, வதிவிட அனுமதிக்காக, வைத்தார். கடதாசி கிடைத்தது. வேண்டுதல் முடிந்த பிறகும் ஏறுவதை அவர் நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "ஏறினால் நல்லாயிருக்கு" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்வதில்லை. அவருடைய கணவர் சோதிலிங்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையின் குசினியில் வேலை செய்பவர். அவர் மலைக்கு பஸ்ஸில் போய், மேலே ஒரு வாங்கில் அமர்ந்து, மனைவிக்கென்று கொண்டுவந்த வடையில் பாதியைத் தானே சாப்பிட்டு முடிப்பார்.

பிள்ளைகள் இரண்டு பேரும் வேலை தேடி வட இத்தாலிக்குப் போய்விட்டார்கள். அந்த வருடம் ஞானம்பிகை பங்குபோட்ட சீட்டுப் பணமும் கைக்கு வந்தது. பயணத்தைப் பற்றிச் சோதிலிங்கம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: அங்கே மேலே போக பஸ் இருக்கிறதா? இல்லை என்றதும், தான் கடலோரத்திலேயே நிற்பதாகச் சொல்லிவிட்டார்.

லீவு எடுப்பதுதான் கொஞ்சம் சிக்கலாக இருந்தது. வீட்டு வேலைக்காரருக்கு வருடத்தில் இருபத்தாறு நாள் ஃபேரியே என்ற சம்பள லீவு உண்டு. ஆனால் எல்லாரும் அதை ஓகஸ்ட்டில்தான் எடுப்பார்கள், வீட்டுக்காரர்களும் அப்போதுதான் கடலுக்குப் போவார்கள். ஞானம்பிகை ஓகஸ்ட் முழுக்க வேலை செய்து ஒக்ரோபரில் இரண்டு கிழமை கேட்டார். வியாழக்கிழமை வீட்டுச் சின்யோரா ஓர்னெல்லா எதிர்ப்பே இல்லாமல் கையெழுத்து வைத்தார். அந்த நாட்களில் தானும் ஊரில் இருக்கப் போவதில்லை என்றார். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு மலைக்கு என்று ஞானம்பிகை சொன்னார். சின்யோரா அதை ரொசாலியா மாதாவின் மலை என்று எடுத்துக்கொண்டார். சின்யோரா எங்கே போகிறார் என்று கேட்பது ஞானம்பிகையின் வழக்கமில்லை.

பயணக்காரர் பட்டியலைத் தட்டச்சு செய்தது துஷாந்திதான். அதில் இருந்த ஓர்னெல்லா என்ற பெயரை ஞானம்பிகையோடு சேர்த்துப் பார்க்க அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. ஆங்கிலம் தெரிந்தவள் என்று அவளையும் சால்வோ கூட்டிக்கொண்டு போனார். பலெர்மோ விமான நிலையத்தில் பத்துப் பேர் கூடி நின்றபோது சின்யோரா ஓர்னெல்லா திரும்பிப் பார்த்து, புதுச் சப்பாத்தும் சிவப்புக் குளிர்ச்சட்டையுமாக நின்ற ஞானம்பிகையைக் கண்டார்.

"ஜான்னா, வீட்டில் ஏதாவது நடந்துவிட்டதா?" என்று கேட்டார். தன்னைத் தேடி விமான நிலையம் வரைக்கும் வந்திருக்கிறாள் என்றே அவர் நினைத்தார்.

ஒன்றும் இல்லை, நானும் வாறன் என்று ஞானம்பிகை சொன்னார். சொல்லிக்கொண்டே சின்யோராவின் பெரிய பையைத் தூக்கித் தராசில் வைத்தார். வைத்த பிறகுதான் தன் பை இன்னும் நிலத்தில் கிடப்பதைப் பார்த்தார். துஷாந்தி அதை எடுத்து வைத்தாள்.

காத்மண்டுவில் இறங்கியபோது ஒரு சந்தோசம் காத்திருந்தது. விசாவுக்குப் பணம் கட்டுகிறவர்களின் வரிசை மண்டபத்தைச் சுற்றி வளைந்து நின்றது. தெற்காசிய நாட்டவர்களுக்கு முதல் முப்பது நாளும் இலவசம் என்பதால் ஞானம்பிகையின் இலங்கைப் பாஸ்போட்டில் அதிகாரி ஒரே தட்டில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். பெர்மெஸ்ஸோவுக்காகக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தின் வாசலில் விடியற்காலையில் போய் நின்று பழகியவர், வெளியே வந்து, அந்தப் பாஸ்போட்டை ஒருமுறை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முக்கால் மணி நேரம் கழித்து இத்தாலியப் பாஸ்போட்டுக்காரர் ஒவ்வொருவராக வந்தபோது, அவர் எல்லோருடைய பைகளையும் சக்கரவண்டியில் அடுக்கி, அதன்மேல் ஏறி இருந்து முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வழிகாட்டியின் பெயர் குருங். பட்டியலில் இருந்த பெயர்களை வாசித்து வந்தவர் "ஞானம்பிகை" என்பதில் நின்று, அதை உடைத்துப் பார்த்து, முகம் மலர்ந்து, "அம்பிகா தீதி" என்றார். தீதி என்றால் அக்கா. சின்யோராக்களால் இருபத்திரண்டு வருடமாக முடியாததை அவர் இரண்டு நொடியில் முடித்துவிட்டார் என்று துஷாந்தி நினைத்தாள்.

இரண்டாம் நாள் சொம்ரோங் கிராமத்துக் கற்படிகள் வந்தன. ஆயிரக்கணக்கில் இறங்கி, ஆற்றைக் கடந்து, மறுபக்கத்தில் அதே அளவு ஏறவேண்டும். சிசிலிக்காரர் ஒவ்வொரு வளைவிலும் மலையைத் திட்டிக்கொண்டு நின்றார்கள். ஞானம்பிகை நிற்கவில்லை. இருக்கவுமில்லை, தண்ணீர்ப் போத்தலைத் திறக்கவுமில்லை. குருங் ஓடிப்போய்த்தான் அவரைப் பிடிக்கவேண்டியிருந்தது. இந்த வேகத்தில் போனால் உயரம் தலையில் அடிக்கும், நாளைக்கே கீழே அனுப்பவேண்டி வரும் என்று அவர் சொன்னதைத் துஷாந்தி மொழிபெயர்த்தாள்.

"ஏறேக்கை இருக்கக்கூடாது, பிள்ளை. தண்ணியும் குடிக்கக்கூடாது."

"அது வேண்டுதலுக்கு, அன்ரி. இஞ்சை என்ன வேண்டுதல் வைச்சியள்?"

ஞானம்பிகை யோசித்தார். "ஒண்டும் வைக்கேல்லை," என்று ஒப்புக்கொண்டு, பக்கத்துக் கல்லில் அமர்ந்து, அரைப் போத்தல் தண்ணீரைக் குடித்தார். அதன் பிறகு குருங் அவரைக் கடைசி ஆளாக நடக்க வைத்தார். மெல்ல நடப்பது, துடைத்த நிலம் காயும்வரை நிற்கிற மாதிரி இருக்கிறது என்று அவர் குறைசொன்னார். ஆனால் மெல்ல நடந்ததில்தான் மூங்கில் காட்டையும், பாறையில் தொங்கிய தேன்கூடுகளையும், ஒரு சாம்பல் குரங்கு தன் குட்டிக்குப் பேன் பார்ப்பதையும் கண்டார். குரங்கைப் பார்க்க அவர் நின்ற நேரத்தில் சால்வோ இரண்டு முறை கூப்பிட்டார்.

ஒன்றுதான் துஷாந்திக்கு உறுத்தியது. விடுதி விடுதியாக ஞானம்பிகையின் கைகள் சும்மா இருக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் எல்லோருடைய கோப்பைகளையும் சேர்த்துக் குசினிக்குக் கொண்டுபோவார். காலையில் சின்யோராவின் படுக்கையை மடித்து வைப்பார். சின்யோராவும் அதைக் கவனிக்கவில்லை. கேட்காமலே தன் போத்தலை நீட்டுவார், அது நிறைந்து திரும்பி வரும். ஒரு இரவு, உங்கடை விருப்பத்துக்கு வந்தனியள் அல்லோ அன்ரி என்று துஷாந்தி மெதுவாகக் கேட்டாள். இந்தக் கைகளுக்கு அது இன்னும் விளங்கவில்லை என்று ஞானம்பிகை சொன்னார். சொல்லும்போது சிரித்தாலும், விளக்கை அணைத்த பிறகு அவர் நித்திரை கொள்ள நேரமாயிற்று.

ஐந்தாம் நாள் மூவாயிரத்து எழுநூறு மீற்றரில் மச்சபுச்ரே முகாமுக்கு வந்து தங்கினார்கள். அடிவார முகாமுக்கு அங்கிருந்து இரண்டு மணி நேர நடைதான். காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. புறப்படுகிற நேரத்தில் சின்யோரா ஓர்னெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். தலை பிளக்கிறது என்றார். குருங் அவருடைய விரலில் ஒட்சிசன் அளக்கும் கருவியை மாட்டிப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார். ஆபத்து இல்லை, ஆனால் இப்போதே கீழே இறங்கவேண்டும், இறங்கினால் மத்தியானத்துக்குள் சரியாகிவிடும் என்றார். தன் உதவியாள் கமல் கூடப் போவான். பத்து வருடம் இதே வேலை செய்தவன், இப்படி எத்தனையோ பேரை இறக்கியவன்.

சின்யோரா கமலைப் பார்த்தார். அவனுக்கு இத்தாலிய மொழி தெரியாது என்றார். பிறகு, மிகவும் சாதாரணமாக, "ஜான்னா என்னோடு வரட்டும்," என்றார்.

எல்லோருடைய கண்ணும், வெளியே சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்த ஞானம்பிகையின் பக்கம் போனது. கூட இறங்கிப் போகிறவருக்கு அன்றைக்குத் திரும்பி ஏற நேரம் இருக்காது. மறுநாள் எல்லோரும் இறங்குகிற நாள். சால்வோ துஷாந்தியை ஒரு பக்கம் கூப்பிட்டார். நீ போய் உங்கள் மொழியில் சொல், மென்மையாகச் சொல், நல்ல பெண், மாட்டேன் என்று சொல்லமாட்டாள் என்றார். தமிழில் கேட்டால் மறுக்க முடியாது என்பதற்காகவே தன்னை அனுப்புகிறார்கள் என்று துஷாந்திக்கு விளங்கியது. மே மாதத்தில் படிவத்தை வைத்துக்கொண்டு தான் கேட்ட கேள்வியும் இதுதானே என்று நினைத்தபோது காது சூடேறியது.

அவள் வெளியே போய் ஞானம்பிகையின் பக்கத்தில் குந்தினாள்.

"அன்ரி, சின்யோராவைக் கீழை இறக்கப் போகினம். உங்களையும் கூடப் போகச்சொல்லிக் கேக்கச் சொல்லினம். கேக்கிறது மட்டும்தான் என்ரை வேலை. என்னை யோசிச்சு ஓம் எண்டு சொல்லாதையுங்கோ."

"உயிருக்கு ஏதும் பயமோ?"

"இல்லையாம். இறங்கினால் சரியாம். கமல் போறார்."

"கமல் போதுமோ, இல்லாட்டி நான்தான் வேணுமோ?"

"கமல் போதும். உங்களைக் கேக்கிறது அவவுக்குப் பழக்கத்திலை."

ஞானம்பிகை நாடாவை விட்டுவிட்டு மேலே பார்த்தார். பாதை புல்வெளிக்குள்ளால் போய் வெள்ளை மலைகளுக்குக் கீழே மறைந்தது. "இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

துஷாந்தி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். சொல்ல மனமே வரவில்லை. "வியாழன், அன்ரி."

"அவவின்ரை நாள்தான்," என்றார் ஞானம்பிகை. எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனார். துஷாந்தி எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு பின்னால் போனாள்.

ஞானம்பிகை சின்யோராவின் கட்டிலில், அவர் கால்மாட்டில் போய் அமர்ந்தார். நான்காம் மாடி வீட்டில் ஒரு நாளும் அவர் அப்படி இருந்ததில்லை என்பது சின்யோராவின் முகத்தில் தெரிந்தது. அவர் முதலில் சின்யோராவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இத்தாலிய மொழியில், அவசரப்படாமல் சொன்னார்: "சின்யோரா, நீங்கள் கமலோடு இறங்குங்கள். மெல்லப் போங்கள், தண்ணீர் குடியுங்கள். இன்றைக்கு வியாழன் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் ஃபேரியேயில் இருக்கிறேன். நீங்கள்தான் கையெழுத்து வைத்தீர்கள். நான் மேலே போகிறேன்."

சின்யோரா ஓர்னெல்லா முப்பது வருடம் நீதிமன்றத்தில் வாதாடியவர். "கையெழுத்து வைத்தேன்தான்," என்றார் கடைசியில். "ஆனால் சாந்தா ரொசாலியா என்று நினைத்து."

கதவடியில் நின்ற யாரோ சிரித்தார்கள். சின்யோராவுக்கும் சிரிப்பு வந்தது. தலை வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். கமல் அவருடைய சப்பாத்தை எடுத்து வந்தான். ஞானம்பிகையின் கை அதை வாங்க நீண்டது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

அந்த இரண்டு மணி நேரம் அவர் கடைசி ஆளாகத்தான் நடந்தார். குருங் சொன்ன மாதிரியே நின்று நின்று, குடித்துக் குடித்து. புல்லின் நுனியில் உறைபனி வெயில் பட்டு உதிர்ந்தது. பத்து அடிக்கு ஒருமுறை சால்வோவுக்கு மூச்சு வாங்கியது. ஞானம்பிகை பின்னாலிருந்து, இது ஆறாவது பெல்லெகிரீனோ, இன்னும் ஒன்றுதான் இருக்கிறது என்று அவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசி மேட்டில் ஏறியதும் மலைகள் நாலு பக்கமும் எழும்பி நின்றன. எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளை. அவர் மெல்ல ஒரு முழுச்சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. "இவ்வளவையும் ஆர் துடைக்கிறது," என்றார். குருங்குக்கு அது மொழிபெயர்க்கப்பட்டபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

விடுதியில் இணையம் இருந்தது. சோதிலிங்கத்தைத் திரையில் பிடித்தார்கள். கையில் பாதி துப்புரவாக்கிய கணவாய் மீனோடு அவர் குசினியில் நின்றார். குளிரோ என்று கேட்டார். மனைவி கைபேசியைத் திருப்பி மலைகளைக் காட்டினார். அவர் திரையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இறங்கிறதுக்காவது பஸ் இருக்கோ?" என்று கேட்டார். கீழேயிருந்து கமலும் தகவல் அனுப்பியிருந்தான். சின்யோராவுக்குத் தலையிடி போய்விட்டது, பூண்டுச் சூப் இரண்டு கோப்பை குடித்தார், இப்போது சுமைகாவிகளுக்குச் சீட்டு விளையாடக் கற்றுக்கொடுத்து, அவர்களைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறார்.

மற்றவர்கள் படம் எடுக்கவும், கொடிகள் கட்டியிருந்த மேட்டுக்குப் போகவும் கலைந்தார்கள். ஞானம்பிகை விடுதிக்கு வெளியே கற்சுவரோரம் கிடந்த வாங்கில் வெயில் பார்த்து இருந்தார். சப்பாத்தைக் கழற்றி, காலுறையையும் கழற்றி, இரண்டு காலையும் நீட்டி எதிர்க்கல்லில் போட்டார். விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். குசினிக்குள் கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

படம் எடுக்கட்டோ என்று கேட்க வந்த துஷாந்தியை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பிள்ளை, படம் பிறகு. எனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொண்டுவந்து கையிலை தா. சீனி மூண்டு கரண்டி. நான் இதாலை எழும்பேல்லை."